பாப்பாரப்பட்டியும் பார்லிமெண்டுச் சதுக்கமும்

இங்கிலாந்து தேசம் ஜனநாயகத்தின் தாய்வீடு என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் போதித்தார்கள். நம்மை ஆண்டவர்கள் அவ்விதம் போதித்தது ஆச்சரியமன்று. அவர்கள் போன பின்பும், அவர்கள் எழுதிய பாடத்தை நாம் மறுபரிசீலனை செய்யாமலே மனப்பாடம் செய்துவருவதுதான் ஆச்சரியம். அந்தத் தாய்வீட்டில் சென்ற சில வருஷங்களாக நடந்துவரும் காரியங்களைக் கவனித்தால், பாடத்தைத் திருத்தி எழுத வேண்டிய காலம் வந்துவிட்டதென்று தோன்றுகிறது.

2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், தர்மபுரி ஜில்லா ஏரியூர்க் கடைத்தெருவில் உபாத்தியாயர் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அம்மாதம் 9-ந் தேதி லண்டன் பார்லிமெண்டுச் சதுக்கத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள் என்பது செய்தி. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் கேட்டார்:

“ஏங்க வாத்தியாரே, வயசான காலத்திலே அவங்க என்னதான் பண்ணினாங்க?”

“ஆளுக்கு ஒரு அட்டையைக் கையிலே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, பெரியவரே.”

“அட்டையிலே என்ன எழுதியிருந்தது?”

“இனப்படுகொலையை எதிர்க்கிறேன், பாலஸ்தீன் ஆக்‌ஷனை ஆதரிக்கிறேன் என்று எழுதியிருந்தது.”

“கல்லு, கம்பு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லை.”

“அப்படின்னா நம்ம சிவா கேஸ் மாதிரியில்ல இருக்கு!” என்றார் பெரியவர்.

நூற்றுக்கணக்கான பக்கங்களில் பண்டிதர்கள் எழுதுவதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஏரியூர்வாசிகளுக்கு அந்த ஞாபகம் வருவது இயல்பே. ஏரியூரும் பாப்பாரப்பட்டியும் ஒரே பென்னாகரம் தாலுகாவைச் சேர்ந்தவை. பாப்பாரப்பட்டியில்தான் சுப்பிரமணிய சிவா 1925-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி தேகவியோகமானார்.

சிவாவின் வழக்கைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். 1908-ம் வருஷம் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் அவரும் செய்த பிரசங்கங்களுக்காக இந்தியன் பீனல் கோடு 124-ஏ பிரிவின்கீழ் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டது. அவ்வருஷம் ஜூலை 7-ந் தேதி திருநெல்வேலியில் ஜட்ஜ் பின்ஹே சிவாவுக்குப் பத்து வருஷம் தீவாந்தர சிட்சை விதித்தார். பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுட்கால தீவாந்தர சிட்சைகள். ஒன்று அவர் பேசிய பேச்சுக்காக. மற்றொன்று சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காக. உடந்தை என்றால் என்னவென்று வாசகர்கள் கேட்கலாம். இருக்க இடமும் உண்ணச் சோறும் கொடுத்ததுதான் அதில் முக்கியமான அம்சம்! மேல் விசாரணையில் தண்டனைகள் குறைக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் 1912-ல் வெளியே வந்த சிவா சிறையிலிருந்து குஷ்ட நோயையும் கொண்டுவந்தார். நோயைக் காரணங்காட்டி அவர் ரயிலில் ஏறக்கூடாதென்று சர்க்கார் தடுத்தது. கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் அம்மனிதர் தமிழ்நாடெங்கும் சுற்றினார்.

இவ்வழக்கில் கவனிக்கத்தக்கது தண்டனையின் கொடுமை மட்டுமன்று. குற்றம் எது என்பதே முக்கியம். 1870-ம் வருஷம் பீனல் கோடில் சேர்க்கப்பட்ட 124-ஏ பிரிவு, செய்கையைத் தண்டிக்க வந்ததன்று. சர்க்காரிடம் பிரஜைக்கு இருக்கவேண்டிய “பிரியம்” குறைந்துபோவதை அது குற்றமாக்கியது. மனத்தில் பிரியம் இருக்கிறதா, இல்லையா என்பதை அளப்பவர் யார்? கலெக்டரும் போலீஸ் சூப்பரிண்டெண்டும். அதே காலத்தில் இங்கிலாந்திலும் ராஜத்துவேஷச் சட்டம் ஏட்டில் இருந்தது. ஆனால் ஆங்கிலேயரிடம் அதை இவ்வளவு தாராளமாகப் பிரயோகிக்க எந்த மந்திரியும் துணியவில்லை. இந்தியாவுக்கு ஒரு தராசு, இங்கிலாந்துக்கு ஒரு தராசு. அந்த இரண்டாவது தராசைத்தான் நாம் ஜனநாயகத்தின் தாய்வீடு என்று கொண்டாடிவந்தோம்.

அந்த இரண்டு தராசுகளும் இப்போது ஒன்றாகிவருகின்றன என்பதே நாம் சொல்லவந்த விஷயம். வருத்தத்திற்குரியது யாதெனில், இந்தியாவின் தராசு மேலே உயர்ந்து ஒன்றாகவில்லை. இங்கிலாந்தின் தராசு கீழே இறங்கி ஒன்றாகிறது.

குடியேற்ற நாடுகளில் பழகிய கைகள் சும்மா இருப்பதில்லை. 1948-ல் மலேயாவில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. லண்டனில் அப்பொழுது ஆண்டது கன்சர்வேடிவ் கட்சியன்று. அட்லியின் தொழிற் கட்சி. அகில மலேயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தாரென்ற குற்றத்திற்காக 1949-ம் வருஷம் மே மாதம் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சை ஜில்லாவில் பிறந்து, தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகப் போராடியவர் அவர். லண்டன் நகரில் தொழிலாளரின் நண்பர்களாயிருந்தவர்கள் கோலாலம்பூரில் தொழிலாளர் தலைவனுக்குத் தூக்குக் கயிறு முறுக்கினார்கள். கணபதிக்காக ஸ்ரீ நேருவின் சர்க்கார் பரிந்து பேசியும் பயனில்லை.

கென்யாவிலும் மலேயாவிலும் கலகத்தை அடக்கிப் பதக்கம் பெற்ற பிராங்க் கிட்ஸன் என்னும் பட்டாள உத்தியோகஸ்தர் 1970-ல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகருக்கு அனுப்பப்பட்டார். மறு வருஷம் ஆகஸ்டில் அங்கே விசாரணையின்றி ஜனங்களைச் சிறையிலடைக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்து கடலுக்கு அப்பால் இருக்கிறதே என்று இங்கிலீஷ்காரர்கள் அப்பொழுதும் தேறுதல் சொல்லிக்கொண்டார்கள். 1974-ல் பர்மிங்ஹாம் நகரில் குண்டுகள் வெடித்து இருபத்தொரு பேர் மாண்டபின், பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் ஒன்று ஓரிரு நாட்களுக்குள் பார்லிமெண்டில் நிறைவேறியது. அதையும் கொண்டுவந்தது தொழிற் கட்சி சர்க்காரே. சட்டத்தின் பெயரிலேயே “தற்காலிக” என்ற வார்த்தை இருந்தது. அந்தத் தற்காலிகம் இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் நீடித்து, கடைசியில் 2000-ம் வருஷத்துப் பயங்கரவாதச் சட்டமாக நிரந்தரமாயிற்று. குண்டு வைத்ததாகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேரோ, பதினாறு வருஷம் சிறையிலிருந்தபின் நிரபராதிகளென்று 1991-ல் விடுவிக்கப்பட்டார்கள்.

நிற்க. பார்லிமெண்டுச் சதுக்கத்தில் முதியவர்களைப் பிடித்தது இந்த 2000-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்தான். 2025 ஜூன் மாதம் பாலஸ்தீன் ஆக்‌ஷன் என்ற சங்கத்தார் பிரைஸ் நார்ட்டன் விமானப்படைத் தளத்திற்குள் புகுந்து இரண்டு விமானங்களின்மேல் சிவப்புச் சாயம் அடித்தார்கள். அது குற்றமே, சொத்துக்குச் சேதம் விளைத்ததற்கு அந்நாட்டில் சட்டம் உண்டு, தண்டனையும் உண்டு. அதற்கு மேற்பட்டு, உள்நாட்டு மந்திரி இவெட் கூப்பர் அச்சங்கத்தையே பயங்கரவாதச் சங்கங்களின் ஜாபிதாவில் சேர்த்தார். அதைச் செய்த விதத்தையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மனிதரைக் கொல்லத் தூண்டும் இரண்டு வெறிக் கூட்டங்களின் பெயர்களோடு இச்சங்கத்தின் பெயரையும் ஒரே உத்தரவில் கட்டிச் சபையின்முன் வைத்தார்கள். மூன்றையும் சேர்த்து ஏற்கலாம், அல்லது மூன்றையும் சேர்த்து நிராகரிக்கலாம். ஒன்றைத் தனியே பிரித்து வோட்டளிக்க வழியில்லை. ஜூலை 2-ந் தேதி காமன்ஸ் சபையில் 385 பேர் ஆதரித்தும் 26 பேர் எதிர்த்தும் வோட்டளித்தார்கள். 5-ந் தேதி முதல் அச்சங்கத்தை ஆதரித்து அட்டை பிடிப்பவர் ஆறு மாதச் சிறைக்கும், ஆதரவு திரட்டுபவர் பதினான்கு வருஷச் சிறைக்கும் பாத்திரராயினர். சாயம் அடித்தவனுக்குச் சோறு போடுவது ஒருபுறமிருக்கட்டும். அவன் பெயரை அட்டையில் எழுதினாலே குற்றமாயிற்று. சிதம்பரம் பிள்ளை மீது சாட்டிய உடந்தைக் குற்றத்திற்கு ஏறக்குறைய நூற்றிருபது வருஷங்களுக்குப் பின் பிறந்த பேரன் இது.

இது தனித்த சம்பவமன்று. 2019-ம் வருஷம் பிரதம மந்திரி போரிஸ் ஜான்ஸன், தமக்கு அசௌகரியமான விவாதம் நடக்காதபடி பார்லிமெண்டையே ஐந்து வாரத்துக்கு மூடிவைக்க முற்பட்டார். செப்டம்பர் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகளும் ஏகமனதாக அது சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தபின்தான் கதவு திறந்தது. 2022-ம் வருஷத்துப் போலீஸ் சட்டம், ஊர்வலம் சத்தமாயிருந்தாலே போலீசார் தலையிடலாமென்றது. சத்தமில்லாத ஊர்வலம் எங்கே நடக்கிறதென்று சட்டம் செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்! 2023 மே 6-ந் தேதி மன்னர் சார்லஸுக்கு முடிசூட்டிய அன்று, மன்னராட்சி வேண்டாமென்ற குடியரசுச் சங்கத்தார் அறுவர், ஒரு கோஷமும் எழுப்புமுன்னரே, அட்டைகளை வண்டியிலிருந்து இறக்கும்போதே பிடிக்கப்பட்டார்கள். பிறகு வழக்கில்லையென்று விடுவித்துப் போலீசார் வருத்தம் தெரிவித்தனர். முடிசூட்டு விழா முடிந்துபோன பின் தெரிவிக்கும் வருத்தத்தால் யாருக்கு என்ன லாபம்? 2024 ஜூலையில், நெடுஞ்சாலை ஒன்றை மறிக்க யோசனை செய்து பேசியதற்காக ஐந்து பேருக்கு நான்கும் ஐந்துமாக வருஷச் சிறை விதிக்கப்பட்டது. அப்பீலில் ஓரளவு குறைந்தது. ஜூரர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி தீர்ப்புச் சொல்லலாமென்று எழுதிய அட்டையைக் கோர்ட்டு வாசலில் பிடித்து நின்ற மூதாட்டி ஒருவர்மீது கோர்ட்டு அவமதிப்பு வழக்கு தொடுக்க சர்க்கார் வக்கீல்கள் பிடிவாதம் பிடித்தார்கள். 2024 ஏப்ரலில் ஹைக்கோர்ட் அதை அனுமதிக்க மறுத்தது. அந்த ஜூரி முறையையே பல வழக்குகளிலிருந்து நீக்கும் யோசனையை 2025 டிசம்பரில் நீதி மந்திரி டேவிட் லாமி அறிவித்தார்.

இவற்றை ஆதரிப்போர் ஒரு பதில் சொல்கிறார்கள். ஜனங்கள் வோட்டளித்துத் தேர்ந்தெடுத்த சர்க்கார் செய்வது எப்படி எதேச்சாதிகாரமாகும் என்பதே அது. கௌரவமான கேள்விதான், பதில் கணக்கில் இருக்கிறது. 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற் கட்சிக்குக் கிடைத்த வோட்டு நூற்றுக்கு 33.7, கிடைத்த ஸ்தானங்களோ 650-க்கு 411. வோட்டர்களில் நூற்றுக்கு அறுபது பேர்தான் சாவடிக்குப் போனார்கள். ஆகவே வோட்டர் ஐவரில் ஒருவரின் ஆதரவைக் கொண்டு மூன்றில் இரு பங்குக்குச் சற்றே குறைந்த பலம் வந்துவிட்டது. அம்மாதத்திலேயே, ஏழைக் குடும்பங்களில் மூன்றாவது குழந்தை முதல் உதவித்தொகை மறுக்கும் விதியை எதிர்த்து வோட்டளித்த தம் கட்சியைச் சேர்ந்த ஏழு அங்கத்தினர்களைக் கட்சிக் குழுவிலிருந்து சஸ்பெண்டு செய்தார்கள். ஐவரில் ஒருவர் கொடுத்த அதிகாரம், அந்த ஒருவருக்காகப் பேசும் வாயையும் கட்டுகிறது.

வோட்டுச் சாவடியின் வாசலும் குறுகியிருக்கிறது. 2022-ம் வருஷத்துத் தேர்தல் சட்டப்படி படம் போட்ட அடையாளச் சீட்டு வேண்டும். மறு வருஷம் மே மாதம் இங்கிலாந்தில் நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் சுமார் 14,000 பேர் சீட்டில்லாமல் வோட்டளிக்காமலே திரும்பினார்களென்று தேர்தல் கமிஷனே கணக்குச் சொன்னது. வயோதிகரின் பஸ் பாஸ் செல்லும்; வாலிபரின் பிரயாணச் சீட்டு செல்லாது. யாருடைய வோட்டு யாருக்குப் போகும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி என்று இடதுசாரிகள் குற்றஞ்சாட்டியதில் வியப்பில்லை. பீகாரில் 2025 ஆகஸ்டில் வெளியான வரைவு ஜாபிதாவில் அறுபத்தைந்து லட்சம் பெயர்கள் காணாமற் போனதைப் பார்த்த நாம் இவ்விஷயத்தில் இங்கிலாந்தைக் கண்டு நகைக்க உரிமையுள்ளவர்களல்லர்.

டிகோ கார்ஷியா என்ற தீவின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்து மகாசமுத்திரத்தின் நடுவிலுள்ள அத்தீவின் பூர்வ குடிகளைப் பிரிட்டிஷ் சர்க்கார் 1968 முதல் 1973 வரை அப்புறப்படுத்தி, இடத்தை அமெரிக்கப் படைக்குக் கொடுத்தது. பார்லிமெண்டில் சட்டமியற்றி அன்று. மன்னரின் தனியுரிமையைக் கொண்டு, உத்தரவு மூலம். 2021 அக்டோபரில் கானடாவை நோக்கிப் போன இலங்கைத் தமிழர் படகு ஒன்று பழுதாகி அங்கே கரை சேர்க்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட அவர்களைக் கூடாரங்களில், வேலிக்குள், காவலர் மத்தியில் வைத்தார்கள். இங்கிலாந்தின் சட்டம் அங்கே செல்லாது என்பது சர்க்கார் கட்சி; இங்கிலாந்தின் அதிகாரம் மட்டும் செல்லுமாம்! மூன்று வருஷங்களுக்குப் பின், 2024 டிசம்பரில், அத்தீவுக்குரிய பிரிட்டிஷ் நீதிமன்றமே அவர்களைச் சட்டவிரோதமாகச் சிறை வைத்திருந்ததாகத் தீர்ப்பளித்தது. அம்மாதத்தில் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பாலஸ்தீன் ஆக்‌ஷன் தடைக்கு ஆறேழு மாதங்களுக்கு முன் நடந்தது இது. ஏகாதிபத்தியம் பழைய சரித்திரம் என்று நினைப்பவர்கள் தேதிகளைப் பார்ப்பது நலம்.

இனி நம் வீட்டைப் பற்றி. இங்கிலாந்தைக் கண்டித்துவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. ஏனெனில் இங்கே உள்ள விலங்குகளும் அதே பட்டறையில் அடித்தவை. குடியரசு பிறந்து பதினாறே நாளில், 1950-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் மத்தியச் சிறையில் இருபத்திரண்டு கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏரியூர் அப்பொழுது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965-ல்தான். ஆகவே அது நம் ஜில்லாத் தலைநகரில் நடந்த காரியம். அதே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. தோழர் ஏ. கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையிலிருந்தே அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே மாதம் தோற்றார். 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து ஹர்த்தால் செய்தவர்களில் பலர் 1950-ல் தடுப்புக் காவலுக்குக் கை தூக்கினார்கள் என்பதை எழுதப் பேனா கூசுகிறது.

சரக்கு ஒரு திசையில் மட்டும் போகிறதென்றும் எண்ண வேண்டாம். 2002-ல் இந்தியப் பார்லிமெண்டு செய்த பொடாச் சட்டத்தின் 21-வது பிரிவு, பிரிட்டிஷ் பயங்கரவாதச் சட்டத்தின் 12-வது பிரிவை ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை பார்த்து எழுதியது. அதன்கீழ் முதலில் அகப்பட்டவர்களில் ஒருவர் ஸ்ரீ வைகோ. திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் பிடித்து, பத்தொன்பது மாதம் வேலூர்ச் சிறையில் வைத்தார்கள். அந்தச் சட்டம் நிறைவேறியபோது அவருடைய கட்சி ஆளுங் கூட்டணியிலிருந்து ஆதரித்தது என்பது வேறு விஷயம். அவருக்கும் அது இப்போது மறந்திராது. 2003 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சட்டத்தை ரத்து செய்யவில்லையெனினும், பயங்கரச் செயலுக்கு உதவும் நோக்கமின்றி வெறும் வாய்வார்த்தையாக ஆதரவு சொல்வது குற்றமாகாது என்று வரம்பு கட்டியது. பொடா 2004-ல் நீங்கியது. ஆனால் அந்தப் பிரிவு உபா சட்டத்தின் 39-வது பிரிவாக அவ்வருஷமே மறுபிறவி எடுத்தது. லண்டன் மூதாட்டியின் அட்டையும் மதுரைச் சீமைப் பொதுக்கூட்ட மேடையும் ஒரே வகைச் சட்டத்தால் குற்றமாயின.

ராஜத்துவேஷச் சட்டத்தை இங்கிலாந்து 2009-ல் ஏட்டிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தியாவில் 124-ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2022 மே 11-ந் தேதி நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய நியாய சன்ஹிதையில் 152-வது பிரிவாக வேறு பெயரில் அது வந்திருக்கிறது. ஆயுள் தண்டனை பழையபடி இருக்க, மாற்றுத் தண்டனை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷமாயிற்று. அந்நிய ஆட்சியின் சின்னத்தைத் துடைத்தோமென்று டில்லியில் சொன்னார்கள்.

சிறிய விஷயம் ஒன்று. குடிநீருக்காகக் கிராமத்தார் கூட்டம் போட அனுமதி கேட்டு நாம் மனுவோடு அலைந்ததுண்டு. எந்த ஊர் என்பது வேண்டாம். “30(2) அமலில் இருக்கிறது” என்று பதில் வந்தது. 1861-ம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் முப்பதாவது பிரிவு அது; சிப்பாய்க் கலகம் ஓய்ந்து மூன்று வருஷத்தில் செய்தது. நம் ஜில்லாக்களில் மாதக்கணக்கில் அமலில் இருப்பதும், மறுபடி நீட்டிக்கப்படுவதும் பழக்கமாகிவிட்டபடியால் அதைப்பற்றி யாரும் கோபப்படுவதுகூட இல்லை. அனுமதி வந்தபோது கூட்டத் தேதி கடந்து நான்கு நாளாயிற்று.

இங்கிலாந்தில் இவற்றை எதிர்த்து நிற்பவர்கள் இல்லாமலில்லை. 1932-ல் வி. கே. கிருஷ்ண மேனனின் இந்தியா லீகு அனுப்பிய தூதுக்குழுவில் எல்லன் வில்கின்ஸன் முதலியோர் வந்து, இங்கே நடந்த தடியடியை நேரில் கண்டு, தம் நாட்டாருக்குப் புத்தகமாக எழுதினார்கள். 1934-ல் ரொனால்டு கிட் என்பவர் தொடங்கிய பிரஜா உரிமைச் சங்கம், லிபர்ட்டி என்ற பெயரில் வேலை செய்துவருகிறது. “சிறிதுக்கு மேற்பட்ட” இடையூறு என்றாலே ஊர்வலத்துக்கு நிபந்தனை விதிக்கலாமென்று மந்திரி சுயெல்லா பிராவர்மன் 2023-ல் போட்ட உத்தரவை அச்சங்கமே கோர்ட்டில் தோற்கடித்தது. 2025 மே மாதம் அப்பீல் கோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அப்பீலை நடத்தியது, எதிர்க்கட்சியாயிருந்தபோது அந்த உத்தரவைக் கண்டித்த அதே தொழிற் கட்சியின் சர்க்கார்!

வருகிற ஜூலை 23-ந் தேதி சிவாவின் நினைவு நாளில் வழக்கம்போல் பாப்பாரப்பட்டியில் மாலை போடுவார்கள். எல்லாக் கட்சியாரும் வருவார்கள். ஏரியூர், பென்னாகரம் தோழர்கள் மாலையோடு ஒரு தீர்மானத்தையும் கொண்டுபோகலாமென்பது நமது அபிப்பிராயம். 1861-ம் வருஷத்து 30(2), உபாவின் 39, சன்ஹிதையின் 152 ஆகிய மூன்றையும் நீக்கும்படி கேட்பது. மாலை போட வந்த ஒவ்வொரு கட்சிப் பிரமுகரிடமும் அதில் கையெழுத்துக் கேட்பது. யார் போட்டார்கள், யார் காரில் ஏறிவிட்டார்கள் என்பதை மறுநாள் ஊரறியச் சொல்வது. அதன் பிரதியொன்றை லண்டனில் உள்ள அந்தப் பிரஜா உரிமைச் சங்கத்துக்கும் அனுப்பிவைக்கலாம். தபால் செலவு அதிகமாகாது.